எல்லாப் புகையும் ஒரே நிறம்

இந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவள் மரகதவல்லி. என் இரண்டாவது மகன் பிறந்த ஐப்பசி மாதம், அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில். அவளுக்கும் அன்றைக்குத்தான் பெண் பிறந்திருந்தது. வெளியே அடைமழை. வெந்நீர் வாங்கப் பிளாஸ்கோடு போனவர்கள் வந்து சேரவில்லை. காத்துக் கிடந்த நேரத்தில், "ஒரு கதை சொல்லட்டுமா அக்கா?" என்று ஆரம்பித்தாள். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்கிற குடும்பத்துப் பெண். அப்புறம் அவளை நான் பார்க்கவே இல்லை. கதை மட்டும் என்னோடு வந்துவிட்டது. எங்கே இருந்தாலும் ஆண்டவன் அவளை நல்லபடி வைக்கட்டும்.

கேளுங்கள்.

கடலில் இத்தனை உப்பு சேராத காலம் அது. ஆறு போய்க் கடலில் விழுகிற இடத்தில் வெண்மாடம் என்று ஒரு பட்டணம். அதை நெடுங்கோ என்கிற ராஜா ஆண்டு வந்தான். நல்ல ராஜா. பொய் சொல்ல மாட்டான். லஞ்சம் வாங்கினவனை விட மாட்டான். பசி என்று வந்தவனை வாசலில் நிறுத்த மாட்டான்.

அவனுக்கு முன்னால் இருந்த வரி வேறு மாதிரி. வரி வாங்க வருகிறவன் முகத்தைப் பார்ப்பான். தெரிந்த முகம் என்றால் கொஞ்சம். தெரியாத முகம் என்றால் கூடக் கொஞ்சம். கறுத்த முகம் என்றால் வீட்டில் இருக்கிறதெல்லாம்.

நெடுங்கோ பட்டத்துக்கு வந்ததும் அதை ஒழித்தான்.

"இனிமேல் முகத்தைப் பார்க்க வேண்டாம். புகையைப் பாருங்கள். எந்தக் கூரையில் அடுப்புப் புகை எழுகிறதோ, அந்த வீட்டுக்கு அறுப்புக்கு அறுப்பு ஒரு கலம் நெல். பணக்காரன் ஏழை என்று இல்லை. இக்கரை அக்கரை என்று இல்லை. என் கண்ணுக்கு எல்லாப் புகையும் ஒரே நிறம்" என்றான்.

சபை ஆர்ப்பரித்தது. அமைச்சர் விருத்தகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜாவுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அவன் மனசார நியாயம் என்று நினைத்துத்தான் செய்தான். அதை நாம் மறக்கக் கூடாது.

நெல் கட்டாத வீட்டுக்கு அடி கிடையாது, சிறை கிடையாது. சேவகர்கள் வருவார்கள். அடுப்புக் கல் மூன்றையும் தூக்கிக்கொண்டு போய் அரண்மனை முற்றத்தில் போடுவார்கள். அந்த வீட்டில் மறுபடி அடுப்பு மூட்டக் கூடாது. அவ்வளவுதான். இரக்கமுள்ள தண்டனை என்றே பட்டணத்தில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது ஆற்றைத் தாண்டி அக்கரைக்கு வாருங்கள்.

அக்கரையில் இருந்தவர்கள் சிப்பி சுடுகிறவர்கள். எந்தத் தலைமுறையிலோ தோணியேறி வந்தவர்கள். நிறம் கறுப்பு, பேச்சில் வேறு ராகம். கடலில் சிப்பி அள்ளி, காளவாயில் இட்டுச் சுட்டு, சுண்ணாம்பாக்கிப் பட்டணத்துக்குக் கொடுத்து நெல் வாங்கிக்கொள்வார்கள். வெண்மாடம் வெள்ளை வெளேர் என்று நின்றதே, அது அவர்கள் சுட்ட சுண்ணாம்பு. பட்டணத்தார் அவர்களைக் கூப்பிட்ட பெயர் கரிக்குடி.

அந்தக் கரையில் பவளாயி என்று ஒரு பெண்பிள்ளை. புருஷன் கடலோடு போய்விட்டான். ஒரே மகள் கயலி. மருமகன் தூரத்துக் கடலில். தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வந்து வைத்திருந்தாள்.

பவளாயி சாமி கும்பிடுகிறபோது பெரிதாக ஒன்றும் கேட்க மாட்டாள். "தாயே, என் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்" என்பாள். அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

புகை வரி வந்த முதல் வருஷம், சேர்த்து வைத்த நெல்லைக் கொடுத்தாள். இரண்டாம் வருஷம், ஆட்டை விற்றுக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் விற்க ஒன்றும் இல்லை. காதில் கிடந்த ஓலைத் தோட்டை யார் வாங்குவார்கள்?

ஒரு கலம் நெல் என்றால் பவளாயி வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் பொங்கித் தின்னலாம். அமைச்சர் வீட்டில் நாற்பது பேர். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளுடைய பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே சமையல்கட்டு. ஒரே புகை. அந்த வீட்டில் ஒரு கலம் என்பது கோழிக்கு இறைத்துவிட்டு மறந்துபோகிற நெல்.

அக்கரையிலோ குடிசைக்கு நாலு பேர், மூன்று பேர். குடிசைக்குக் குடிசை அடுப்பு, அடுப்புக்கு அடுப்பு புகை. போதாததற்குக் காளவாயிலும் புகை வருகிறதே என்று அதற்கும் ஒரு கலம்.

மூன்றாம் வருஷ அறுப்பில், பவளாயிக்கு அடுத்த குடிசைத் தும்பையால் கட்ட முடியவில்லை. சேவகர்கள் வந்து கல்லைத் தூக்கினார்கள். சூடு ஆறாத கல். ஒருத்தன் கையைச் சுட்டுக்கொண்டு திட்டினான். தும்பை மறுநாள் விடியலில் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோணியேறிப் போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியாது.

அடுத்தது பவளாயி குடிசை என்று சேவகர்கள் சொல்லிப் போயிருந்தார்கள். அன்றைக்குத்தான் அக்கரைப் பெண்கள் காளவாய் அடியில் கூடினார்கள்.

"புகைக்குத்தானே வரி? ஊருக்கு ஒரு புகை போதும்" என்றாள் ஒருத்தி.

"அப்போ சோறு?"

"ஒரே அடுப்பு. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் மூட்டுவோம். பானையை வரிசையில் வை. விறகு அவரவர் ஒரு குச்சி கொண்டு வா."

"உன் மாமியார் பானை பின்னாடி என் பானையை வைத்தால் எனக்கு மறுநாள்தான் சோறு. அந்தப் பானை எருமை குளிக்கிற குட்டை மாதிரி இருக்கு."

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து அக்கரையில் ஒரே ஒரு அடுப்புப் புகை. ஒரு வேளை சுடுசோறு, மறு வேளை நீர்ச்சோறு. பல நாள் அதுவும் இல்லை, ஊற வைத்த நொய்தான். பிள்ளைகள் அதற்கும் பழகிப் போனார்கள். பிள்ளைகள் எதற்குத்தான் பழக மாட்டார்கள்?

இப்படிச் சில வாரம் போக, அறுப்புத் திருநாள் வந்தது.

அன்றைக்கு ராஜா குன்றின் மேல் ஏறி நின்று நாட்டின் புகையைப் பார்ப்பது வழக்கம். எத்தனை புகையோ அத்தனை வளம் என்று அவனுக்கு ஒரு கணக்கு. இக்கரையில் வீட்டுக்கு வீடு புகை எழுந்தது. காளவாயும் ஓய்ந்து கிடந்த அக்கரையில் ஒரே ஒரு புகை, நூல் மாதிரி.

"திருநாள் அன்றைக்குக் கூடவா பொங்கவில்லை? என்ன ஆயிற்று, பார்த்து வா" என்று ஒரு சேவகனை அனுப்பினான்.

முதல் சேவகன் கரையோடு நின்று பார்த்துவிட்டு வந்தான். "அடுப்பெல்லாம் அணைந்து கிடக்கிறது, மகாராஜா."

"ஏன்?"

"சோம்பேறிச் சனங்கள்" என்றார் அமைச்சர், சேவகன் வாய் திறக்கும் முன்னால்.

இரண்டாவது சேவகன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "எல்லாரும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள், மகாராஜா."

"சோம்பேறித்தனம் இல்லை, திருட்டுத்தனம்" என்றார் அமைச்சர். "அந்த அடுப்பின் கல்லையும் எடுத்துவிட்டால் புத்தி வரும்."

மூன்றாவது தடவை ராஜா சேவகனை அனுப்பவில்லை. கோபத்தோடு தானே தோணியேறினான்.

அன்றைக்கு முறை அடுப்பு பவளாயி வீட்டில். விடியும் முன்பே கயலிக்கு வலி கண்டிருந்தது. குடிசைக்குள்ளே மருத்துவச்சி. வாசலில் பவளாயி. அடுப்பு மேல் வெந்நீர்ப் பானை. வரிசையில் நின்ற பெண்கள் ஒருத்தர் சொல்லாமலே தங்கள் பானைகளைப் பின்னால் நகர்த்தி வைத்தார்கள். "திருநாள் சோறு எங்கே ஓடிப் போகுது? முதலில் பிள்ளை வரட்டும்" என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் ராஜா வந்து நின்றான். அமைச்சரும் சேவகர்களும் கூட.

"கல்லை எடு" என்றார் அமைச்சர்.

ஒரு சேவகன் குனிந்து முதல் கல்லைத் தொட்டான். பானை ஆடியது. மூன்று கல்லில் ஒன்றை உருவினால் பானை நிற்குமா, சொல்லுங்கள்? பவளாயி இரண்டு கையாலும் சுடுகிற பானையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகாராஜா! கல் உங்களுடையது. எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் கொதித்ததும் எடுங்கள். என் மகள் உள்ளே கிடக்கிறாள்."

உள்ளேயிருந்து கயலியின் முனகல் கேட்டது.

"நிறுத்து" என்றான் ராஜா. சேவகன் கையை எடுத்தான்.

ராஜாவுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கேட்டான். "அம்மா, நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்? முகம் பார்த்து வாங்கினதை ஒழித்தேன். அமைச்சருக்கும் ஒரு கலம், உனக்கும் ஒரு கலம். இதை ஏய்க்கலாமா?"

பவளாயி கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"சாமி, ஐயா வீட்டு அடுப்பில் எத்தனை பேருக்குச் சோறு?"

"நாற்பது பேருக்கு" என்றார் அமைச்சர், கொஞ்சம் பெருமையாக.

"என் அடுப்பில் எனக்கும் என் மகளுக்கும். நாற்பது பேர் சேர்ந்து தூக்குகிற கல்லை நாங்கள் இரண்டு பேர் தூக்குகிறோம். கல் ஒரே கல்தான், சாமி. நான் இல்லை என்று சொல்லவில்லை."

அமைச்சருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களும் நாற்பது பேர் ஒரே வீட்டில் இருந்துகொள்வதுதானே? யார் வேண்டாம் என்றது? ஒரு கூரைக்குக் கீழே ஒற்றுமையாக இருக்க இந்தச் சனங்களுக்கு ஆகாது, மகாராஜா. இவர்கள் பிறவிக் குணம் அப்படி."

அதைக் கேட்டதும் வரிசையில் நின்ற பெண்களிடம் ஒரு சிரிப்பு எழுந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"சிரிக்க என்ன இருக்கிறது?" என்றான் ராஜா.

"துறையில் தொங்குகிற மூங்கிலைப் பார்த்தீர்களா, சாமி?" என்றாள் பவளாயி.

பார்த்திருந்தான். தோணித்துறையில், இரண்டு நுனியிலும் இரும்புப் பூண் போட்டு ஒரு மூங்கில் தொங்கும். எண்ணெய் தடவி மினுமினு என்று இருக்கும். "அது ஓடக்காரனுடைய கழிதானே?"

பின்னால் நின்ற ஓடக்காரர் தோணியப்பனால் வாயை அடக்க முடியவில்லை. "அது என் கழியாக இருந்தால் எண்ணெய்க்கு நான் எங்கே போவேன், மகாராஜா? அதை நான் தொட்டால் என் விரல் இருக்காது."

பவளாயி சொன்னாள். "நாங்கள் வீடு கட்டினால் சேவகர் அந்த மூங்கிலோடு வருவார். கூரையின் உச்சியில் ஓடுகிற முகட்டு வளை மரத்தை அளப்பார். மூங்கிலை விட ஒரு விரல் நீண்டாலும் வீட்டைப் பிரித்துப் போடுவார். அந்த நீளத்துக்குள் நாலு பேர் படுக்கலாம். ஐந்தாவது ஆள் படுத்தால் கால் வெளியே நனையும். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் வேறே குடிசை. வேறே குடிசை என்றால் வேறே அடுப்பு. வேறே அடுப்பு என்றால் வேறே புகை."

ராஜா அமைச்சரைத் திரும்பிப் பார்த்தான். "நிஜமா?"

"தங்கள் பாட்டனார் ஆணை, மகாராஜா. கரிக்குடியார் மாடம் கட்டி நமக்கு எதிரே நிற்கக் கூடாது என்று."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் கேட்டது வரி. இது வீட்டுச் சமாசாரம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று..." அமைச்சர் முடிக்கவில்லை.

அவர் வேண்டுமென்று மறைத்தாரா, அவருக்கே தோன்றவில்லையா? மரகதவல்லியிடம் கேட்டேன். "தோன்ற வேண்டிய அவசியம் அவருக்கு எங்கே அக்கா வந்தது?" என்றாள்.

அப்போது குடிசைக்குள்ளிருந்து மருத்துவச்சியின் குரல். "பவளாயி! வெந்நீர் எங்கேடி?"

பவளாயி பானையைப் பார்த்தாள். இத்தனை பேச்சில் அடுப்பு தணிந்துபோயிருந்தது. ஆளுக்கு ஒரு குச்சியாகக் கொண்டு வந்த விறகு தீர்ந்துவிட்டது. மீதி இருந்தது காளவாயடிப் பச்சை விறகு. அது புகையும், எரியாது. பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சுள்ளி தேடி ஓடினார்கள். பவளாயி கூரையிலிருந்து ஓலையை உருவப் போனாள்.

ராஜா அவள் கையைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். ஆடி நின்ற கல்லைப் பார்த்தான்.

"அந்த மூங்கிலைக் கொண்டு வா" என்றான்.

சேவகர்கள் அசையவில்லை. "மகாராஜா, அது தங்கள் பாட்டனார்..." என்றார் அமைச்சர்.

"பாட்டனார் இருந்திருந்தால் அவரையும் விறகு கொண்டு வரச் சொல்லியிருப்பேன். ஓடு!"

ஓடினது தோணியப்பன். வயதான மனுஷன் அப்படி ஓடி அந்தக் கரை பார்த்ததில்லை. மூங்கிலைத் தூக்கி வந்து போட்டார். ராஜா இடுப்பு வாளை உருவினான். சண்டையில் கூட அவன் அப்படி வெட்டியிருக்க மாட்டான். இரண்டு தலைமுறை எண்ணெய் குடித்துக் காய்ந்த மூங்கில், அடுப்பில் வைத்ததும் திகுதிகு என்று பிடித்துக்கொண்டது. கணு வெடித்தது. படார்! அமைச்சர் துள்ளிக் குதித்துச் சேவகன் மேல் விழுந்தார். படார்! பெண்கள் சிரித்தார்கள். படார்! தண்ணீர் கொதித்தது.

பவளாயி பானையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராஜா வந்திருக்கிறானே என்று நிற்கவில்லை. பெற்றவள் எப்படி நிற்பாள்?

இன்னொரு பானை தண்ணீர் வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுப்பைப் பார்க்க ஆள் இல்லை. ராஜா குந்தி உட்கார்ந்தான். மூங்கில் துண்டைத் தள்ளித் தள்ளி விட்டான். காற்று திரும்பி, புகை முகத்தில் அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. இருமினான். தலைப்பாகையால் கண்ணைத் துடைத்தான். வெள்ளைத் தலைப்பாகை கரியாயிற்று.

"விருத்தகிரி" என்றான்.

"மகாராஜா."

"குன்றின் மேலிருந்து பார்த்தால் எல்லாப் புகையும் ஒரே நிறம்தான். இல்லையா?"

"ஆமாம், மகாராஜா."

"இங்கே வந்து உட்கார்ந்தால்தான் யார் கண் எரிகிறது என்று தெரிகிறது."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே குழந்தை அழுதது. பெண் குழந்தை. வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். பவளாயி வாசலுக்கு வந்து, சுட்ட கையைக் கூப்பி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் முரசு அறைந்தார்கள். இக்கரையிலும் அறைந்தார்கள், அக்கரையிலும் அறைந்தார்கள். அடுப்புக்கு இனி வரி இல்லை. வீட்டிலுள்ள வாய்கள் எல்லாம் அடுத்த அறுப்பு வரை உண்டு, விதைக்கும் எடுத்து வைத்து, அதற்கு மேல் யார் வீட்டுப் பத்தாயத்தில் நெல் மிஞ்சுகிறதோ அவர் கட்ட வேண்டும். நிறைய மிஞ்சினால் நிறைய. கொஞ்சம் மிஞ்சினால் கொஞ்சம். ஒன்றும் மிஞ்சாத வீட்டில் சேவகன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வரலாம். முகட்டு வளை மரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் இருக்கலாம்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அமைச்சர் வீட்டில் பத்தாயத்துக்குப் பின்னால் இன்னொரு பத்தாயம் முளைத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அக்கரையில் மூங்கில் போன பிறகும் பல பேர் பழைய நீளத்துக்கே வீடு கட்டினார்கள். நீளமான மரம் வாங்க நெல் வேண்டாமா? ராஜா பண்டாரத்திலிருந்து மரம் கொடுத்தான். "அவர்களுக்கு மட்டும் எதற்கு?" என்று இக்கரையில் முணுமுணுத்தார்கள். "அவர்களுக்கு மட்டும்தானே மூங்கில் தொங்கியது?" என்றான் ராஜா.

எடுத்து வந்த அடுப்புக் கற்களை, எடுத்தவர்களே தலையில் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும் என்றான். அரண்மனை முற்றத்தில் குவிந்து கிடந்த கல்லெல்லாம் தோணியேறிப் போயிற்று. கடைசியில் மூன்று கல் மிஞ்சியது.

பவளாயி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "இது தும்பை வீட்டுக் கல், சாமி. அவள் வழக்கமாக மஞ்சள் வைப்பாள், கறை தெரிகிறது பாருங்கள்."

"அவள் எங்கே?"

"தெரியாது, சாமி."

ராஜா ஆள் விட்டுத் தேடினான். கடலோரம் முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை. அந்த மூன்று கல்லையும் சபையில் தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். அதற்கப்புறம் எந்த ஆணை போட்டாலும் அந்தக் கல்லை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் முத்திரை வைப்பானாம்.

எல்லாரிடமும் ஒரே அளவு வாங்குவது நீதி ஆகாது. யார் தோளில் எவ்வளவு கனக்கிறது, அந்தக் கனத்தை யார் ஏற்றி வைத்தது என்று பார்த்து வாங்குவதே நீதி.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கப் போவீர்கள் அல்லவா? வாசலில் நின்று கேட்பதற்கு முன்னால், அந்த வீட்டு அடுப்படியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.